வீட்டுப் பூ

"சாமி, எங்க பூ திரும்பி வந்துருச்சு."

மங்கையர்க்கரசி இப்படிச் சொன்னபோது குகானந்தர் மடத்து வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். வயதில் அவளைவிட ரொம்பவே இளையவர். ஆனாலும் மனசு தடுமாறினால் அவள் சிறுமலை அடிவாரத்திலிருக்கும் இந்த மடத்துக்குத்தான் காரை விடுவாள்.

"எங்கே போயிருந்தது?" என்றார்.

"பிரான்சுக்கு."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா தொடங்கிய தொழில். மல்லிகையிலிருந்து வாசனையைப் பிரித்து, மெழுகு மாதிரி ஆக்கி, டின்னில் அடைத்துக் கப்பலேற்றுவார்கள். அங்கே அதை வைத்து சென்ட் செய்வார்கள். அப்பாவுக்குப் பிறகு அவளும் தம்பி தில்லைநாதனும் நடத்துகிறார்கள். இதுவரை ஒரு டின்கூடத் திரும்பியதில்லை. இந்த முறை, பூச்சிமருந்து கலந்திருக்கிறது என்று மொத்தச் சரக்கையும் திருப்பிவிட்டார்கள்.

"தம்பி என்ன சொல்றார்?"

"இவ்வளவு நுணுக்கிப் பார்க்காத நாடு எத்தனையோ இருக்காம். அங்க தள்ளிவிட்டுடலாம்கிறான்."

"நீங்க?"

"எத்தனையோ குடும்பம் எங்கள நம்பி இருக்கு. சரின்னுடலாம்னுதான் தோணுது. ஆனா தூக்கம் வரமாட்டேங்குது. நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

குகானந்தர் காம்புகளை ஒதுக்கிவிட்டுக் கையைத் தட்டினார்.

"நாளைக்குக் காலையில இங்க பூஜை. கொஞ்சம் மல்லிகைப்பூ கொண்டு வாங்க."

"அவ்வளவுதானா?"

"நெருக்கமாக் கட்டியிருந்தா நல்லது."

மறுநாள் வாழை இலையில் பொதிந்து கொண்டுவந்தாள். பிரித்ததும் வாசனை கூடம் முழுக்கப் பரவியது.

"அருமையா இருக்கே. ஃபேக்டரிப் பூவா?"

"சேச்சே, வீட்டுப் பூ. கொல்லையில நானே வச்ச செடி."

"ஃபேக்டரிக்குத்தான் மூட்டை மூட்டையா வருமே?"

"அது மருந்தடிச்ச பூ. அதப் போய் சாமிக்கு எப்படி..."



அவர் பூவை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மணிச்சத்தம் கேட்டது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

விபூதித் தட்டோடு அவர் வெளியே வந்தபோது வாசலில் கார் இல்லை.

அவள் நேரே பெரியகருப்பன் தோட்டத்துக்குப் போனாள். அப்பா காலத்திலிருந்து அவர்களுக்குப் பூப் போடுகிறவர்.

"உங்க வீட்டுப் பொம்பளைங்க எந்தப் பூவ வைக்கிறாங்க?"

பெரியகருப்பன் நெளிந்தார். பிறகு கிணற்றோரம் தனியாக நின்ற செடிகளைக் காட்டினார்.

"அதுக்கு மட்டும் மருந்து அடிக்கிறதில்ல தாயி."

"புழு விழாதா?"

"விழும். கையால பொறுக்குவோம். வேப்பெண்ணெய் தெளிப்போம். பூ கம்மியாத்தான் வரும்."

"தோட்டம் பூரா அப்படி வளர்க்க முடியுமா?"

"முடியும். வெள்ளாமை கொறஞ்சா நான் என்னத்தத் திங்கிறது?"

"கொறையிறதுக்கு நாங்க பொறுப்பு."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "தம்பிகிட்டக் கேட்டுட்டீங்களா?"

"இனிமேத்தான்."

தம்பி குதித்தான்.

"அக்கா, நாம தொழில் பண்றோமா, தர்மம் பண்றோமா?"

"தொழில்தான்டா."

"மருந்தடிக்காம எவனும் இருக்கமாட்டான். நம்மகிட்டக் காசையும் வாங்கிட்டு, ராத்திரியோட ராத்திரியா அடிச்சிருவான்."

"போய்ப் பாரு. பிடிச்சுட்டு வந்து சொல்லு."

பூப் போடும் மற்ற தோட்டக்காரர்களிடமும் அவள் இதே பேச்சைப் பேசி முடித்தாள். திரும்பி வந்த சரக்கை அவர்கள் எங்கேயும் அனுப்பவில்லை. அந்த வருஷம் நஷ்டம்தான். அப்பா ஆசையாக வாங்கிய காரை விற்றுத்தான் தீபாவளி போனஸ் கொடுத்தாள். தம்பி அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் விடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகக் கிளம்பிவிடுவான். திருட்டுத்தனமாக மருந்தடிக்கிறவனைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் அவனுக்கு.

பிடிபட்டது புழுதான்.

முதலில் வரப்பில் நின்று பார்த்தான். பிறகு பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினான். எந்த மொட்டுக்குள் புழு இருக்கும் என்று நிறத்தைப் பார்த்தே சொல்லப் பழகினான். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "பெரியகருப்பன் தோட்டத்துல தேன்சிட்டு வருதுக்கா," என்றான். பல மாதத்துக்குப் பிறகு அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. அவள் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அடுத்த சீசனில் கொஞ்சம்தான் தேறியது. அனுப்பினார்கள். பிரான்சில் சோதித்துப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். சரக்கு நன்றாக இருக்கிறது என்று ஜப்பானிலிருந்தும் விசாரித்தார்கள். பிறகு பிரான்சுக்காரர்களே எழுதினார்கள்: அடுத்த வருஷம் இரண்டு மடங்கு வேண்டும்.

மங்கையர்க்கரசி பஸ் ஏறி மடத்துக்கு வந்தாள். பழத்தட்டைக் கீழே வைத்த கையோடு கேட்டாள்.

"ரெண்டு மடங்கு கேக்குறாங்க சாமி. ஒத்துக்கிட்டா, பழையபடி மருந்துல போய் நிக்கும். மாட்டேன்னா வேற ஆளத் தேடிப் போயிருவாங்க. என்ன பதில் போடட்டும்?"

"தம்பி என்ன சொல்றார்?"

"அவன்கிட்ட இன்னும் கேக்கல. ரெண்டு மடங்குன்னாலே துள்ளிக் குதிப்பான்."

"கேளுங்க."

"இப்பவா?"

"போன் கையிலதானே இருக்கு?"

அவள் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டாள். தம்பியின் குரலுக்குப் பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"சத்தமாப் பேசுக்கா, தோட்டத்துல நிக்கிறேன்."

"பிரான்சுக்கு என்னடா பதில் போடுறது?"

"நேத்தே போட்டுட்டேனே."

அவள் குகானந்தரைப் பார்த்தாள். அவர் வாழைப்பழம் ஒன்றை உரித்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"என்னன்னு போட்ட?"

"பூக்கிறதத்தான் தர முடியும்னு." அவன் கொஞ்சம் தயங்கினான். "ஏன்க்கா, தப்பா?"