நீலக் கயிறு கட்டிய நாற்காலி

குரு என்றதும் தாடியையும் மரத்தடியையும் தேட வேண்டாம். இந்தக் கதையின் குரு வசுமதிக்கு நாற்பத்தொரு வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாத இதழுக்கு ஆசிரியர். சீடர் திருஞானத்துக்கு ஐம்பத்தேழு. தாலுகா அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு எழுதிவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, இனிமேல் எழுத்துதான் என்று வந்து சேர்ந்தவர். "நான் மேடத்தோட சீடன்" என்று அவரேதான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். வசுமதி அதை மறுத்ததும் இல்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை.

அந்த இதழில் மாதம் ஒரு நீண்ட கட்டுரை வரும். இருபது பக்கம். ஓர் ஊருக்குப் போய், ஒரு தொழிலைப் பார்த்து, மனிதர்களோடு பேசி எழுதுவது.

அதற்கு வரும் கடிதங்கள் விஷயத்தில் வசுமதி ஒரு வழக்கம் வைத்திருந்தார். வந்ததும் யாரும் படிக்கக் கூடாது. சேர்த்துவைத்து, மூன்றாவது சனிக்கிழமை, கட்டுரை எழுதியவரே எல்லோர் முன்னாலும் நின்று உரக்கப் படிக்க வேண்டும். பாராட்டோ திட்டோ, ஒரு வரி விடக் கூடாது. பதில் பேசக் கூடாது. இதற்குப் பயந்தே இரண்டு பேர் வேறு பத்திரிகைக்குப் போய்விட்டார்கள்.

திருஞானத்துக்குப் பயம் இல்லை. போன மாதம் அவர் எழுதிய கட்டுரை அப்படி.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களைப் பற்றியது அது. தனபாக்கியம் என்ற பெண்ணின் வீட்டில் தொடங்கும். உட்காரக் கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலியின் ஒரு காலில் நீலக் கயிறு கட்டியிருக்கிறது. உடைந்த காலைக் கயிறு தாங்குவதுபோல, இந்தக் குடும்பத்தைத் தனபாக்கியத்தின் கறுத்த விரல்கள் தாங்குகின்றன என்று முதல் பத்தி. கடைசிப் பத்தியிலும் கயிறு வரும். நடுவில் மூன்று இடத்தில் வரும்.

அந்தக் கயிறு எல்லோருக்கும் பிடித்துப்போய், அவருடைய கட்டுரைகளை இதழே புத்தகமாகப் போடுவதாக ஏற்பாடு. முதல் புத்தகம். பெயர் "நீலக் கயிறு". அட்டைப்படம் தயார். திருஞானம் அதைக் கைபேசியில் வைத்துக்கொண்டு சம்பந்தி வீடு வரைக்கும் காட்டிவிட்டார்.

சனிக்கிழமை வந்தது. நாற்பது கடிதங்கள். அலுவலகத்தின் ஆறு பேரும் உட்கார்ந்தார்கள். திருஞானம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினார்.

"'ஐயா, கட்டுரை ஆறுபோல ஓடுகிறது. ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாது.'"

அடுத்தது.

"'கடலூரில் பஸ் ஏறிப் படிக்க ஆரம்பித்தேன். நெய்வேலியில் இறங்கும்வரை அந்த அம்மா வாயே திறக்கவில்லை. அவரை எப்போது பேச விடுவீர்கள்?'"

ஆறு பேரும் சிரித்தார்கள். திருஞானமும் சிரித்துவைத்தார்.

ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் சிவப்பு மையில் எழுதியிருந்தார். "'முந்திரி என்ற சொல் நான்காம் பக்கத்தில்தான் வருகிறது. அதற்குள் வானம் ஆறு முறை வந்துவிட்டது.'"

ஒருவர், இவருக்கென்று தனி நடை இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம் என்றிருந்தார். இன்னொருவர், எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள், பெயரை மறைத்துவிட்டால் யார் என்று தெரியாது என்றிருந்தார். இரண்டும் ஒரே ஊரிலிருந்து வந்தவை. பதினேழு பேர் நீலக் கயிற்றைப் பாராட்டியிருந்தார்கள். ஒவ்வொரு தடவை கயிறு வந்தபோதும் திருஞானத்தின் குரல் கொஞ்சம் ஏறியது.

முப்பத்தோராவது ஓர் அஞ்சலட்டை. இடம் விடாமல் நெருக்கி எழுதியது. அனுப்பியவர் முகவரியில் தனபாக்கியத்தின் தெருப் பெயரைப் பார்த்ததும் அவர் முதலில் மனசுக்குள் படித்தார்.

"ஐயா, கட்டுரை படித்தேன். தனபாக்கியம் எங்கள் எதிர்வீடு. அவள் கையைப் பற்றி எழுதியது எல்லாம் உண்மை. ஆனால் அந்த நாற்காலி எங்களுடையது. நீங்கள் வருவதாகச் சொல்லிக் கேட்டு வாங்கிப்போனாள். அதன் கால் உடையவில்லை. தெருவில் கல்யாணம், சாவு என்றால் இரவல் கொடுப்போம். மாறிப்போகாமல் இருக்க எங்கள் நாற்காலி ஆறிலும் நீலக் கயிறு கட்டியிருக்கிறோம். எனக்குக் கோபம் இல்லை. தனபாக்கியம்தான் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதுவும் கேட்பதில்லை. தன்னால் எங்களுக்குக் கேவலம் வந்துவிட்டதாக நினைக்கிறாள். புளி உருண்டைகூடக் கடைக்குப் போய் வாங்குகிறாள். நீங்கள் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும். இப்படிக்கு, ரமணி."

திருஞானத்துக்குக் காது சூடாகிவிட்டது.

"என்ன சார், எழுத்து புரியலையா?" என்றார் பக்கம் வடிவமைப்பவர்.

"புரியுது, புரியுது."

அட்டையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அவர் படித்தார்.

"'உங்கள் எழுத்தின் ஈரம் என் விழிகளில் இன்னும் காயவில்லை. அந்த நீலக் கயிறு என் நெஞ்சையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிட்டது. இப்படிக்கு, ரமணி, பண்ருட்டி.'"

பெயரை மாற்ற மட்டும் தோன்றவில்லை. முப்பது வருடத் தாலுகா அலுவலகப் பழக்கம், மனுவில் எதை மாற்றினாலும் மனுதாரர் பெயரில் கை வைக்க மாட்டார்.

மற்ற கடிதங்கள் மேசையில் இருந்தன. இந்த அட்டை அவருடைய சட்டைப் பைக்குள் போயிற்று. பாக்கி ஒன்பதையும் எப்படிப் படித்தார் என்று அவருக்கே தெரியாது.

சாயங்காலம் வசுமதியின் அறைக்குப் போனார். சொல்லிவிடத்தான் போனார். உட்கார்ந்ததும் வாயில் வேறு வந்தது.

"ஒருத்தர் எனக்குத் தனி நடை இருக்குங்கிறார். இன்னொருத்தர் இல்லவே இல்லைங்கிறார். யார் சொல்றத எடுத்துக்கறது மேடம்?"

வசுமதி ப்ரூஃபிலிருந்து தலையைத் தூக்கினார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே. பண்ருட்டி வரைக்கும் போயிட்டு வரலாமா சார்?"

"எதுக்கு மேடம்?"

"அந்த ரமணி அம்மாவ பார்க்கத்தான். அவ்வளவு உருகி எழுதினவங்களுக்கு நேர்ல ஒரு நன்றி சொல்லிட்டு வரலாம்."

திருஞானம் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

மறுநாள் பேருந்தில் ஜன்னல் பக்கம் வசுமதி, பக்கத்தில் அவர். முகவரி எழுதிய அட்டை அன்றைய சட்டையின் பையில் இருந்தது. வீட்டில் வைத்துவிட்டு வரப் பயம். நெல்லிக்குப்பம் வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். நெல்லிக்குப்பத்தில் வசுமதி கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறவரை எப்படி எழுப்புவது என்று தனக்குத்தானே ஒரு மரியாதையைக் கற்பித்துக்கொண்டார். பண்ருட்டியில் இறங்கி வேறு பேருந்து மாறும்போது கூட்டம். அப்புறம் தெருவே வந்துவிட்டது.

ரமணி வீட்டு வாசலில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். யார் என்று தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"தப்பா எதுனா எழுதிட்டனா சார்? நூலகத்துல படிச்சன், மனசு கேக்கல, எழுதிட்டன்."

"தப்பெல்லாம் இல்லம்மா," என்றார் வசுமதி. "உங்க கடிதத்த நேத்து எங்க ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் சார்தான் நின்னு படிச்சார். அதான் உங்கள பார்க்கணும்னு வந்தோம்."

"எல்லார் எதிர்லயுமா?"

"ஆமா."

"நான் எழுதனத அப்பிடியேவா படிச்சாரு?"

வசுமதி திருஞானத்தைப் பார்த்தார். ரமணி அதற்குள் எதிர்வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டார்.

"தனபாக்கியம், செத்த வா. சார் வந்திருக்காரு."

தனபாக்கியம், முந்திரி உடைக்கக் கையில் பூசிய சாம்பலோடு வெளியே வந்தார். முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து வரும் பால் பட்ட விரல்கள் கறுத்துத் தோல் உரிந்திருந்தன. தெருவைத் தாண்டி வந்தவர், வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

"உள்ள வாடி."

"இங்கியே இருக்கன்க்கா."

"கேட்டியா, சார் என் கடுதாசிய ஆபீஸ்ல அம்மாம் பேர் எதிர்லயும் படிச்சாராம். கயிறு எதுக்குன்னு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. இன்னும் என்ன உனக்கு?"

தனபாக்கியத்தின் முகம் மாறியது. ஒரு மாதமாகச் சுமந்த ஒன்றை இறக்கி வைக்கலாமா என்று யோசிக்கிற முகம்.

"நெஜமாவா சார்?" என்றார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அந்த இரண்டு வீடும் பழையபடி ஆகிவிடும். புத்தகமும் வந்துவிடும். நல்லதுக்காகச் சொல்கிற பொய்தானே என்று மனசு எடுத்துக் கொடுத்தது. திருஞானம் வாயைத் திறந்தும்விட்டார். எதிரில் ரமணி அவரை அவ்வளவு மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை.

"இல்லம்மா. நான் படிக்கல."

ரமணிக்கு விளங்கவில்லை. "மேடம் இப்ப சொன்னாங்களே?"

"மேடத்துக்கும் தெரியாது. உங்க கடிதத்தக் கையில வெச்சுக்கிட்டு வேற எதையோ படிச்சேன். நீங்க என்னைப் பாராட்டி எழுதின மாதிரி. நானே இட்டுக்கட்டினது. புத்தகம் வரப்போகுது. அந்தக் கயிறுதான் அதுக்குப் பேரு. அதான்."

திருஞானம் பையிலிருந்து அட்டையை எடுத்தார். அலுவலகத்தில் நிற்பதுபோலவே நேராக நின்று படித்தார். ஐயா என்பதிலிருந்து இப்படிக்கு என்பது வரை, ஒரு வரி விடாமல். பக்கத்து வீட்டில் யாரோ வெளியே வந்து கேட்டார்கள். புளி உருண்டை என்ற இடத்தில் தனபாக்கியம் தலையைக் குனிந்துகொண்டார். படித்து முடித்த பிறகு அட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். ஐம்பத்தேழு வயதில் இப்படிக் கூசி நிற்போம் என்று அவர் நினைத்ததே இல்லை.

தனபாக்கியம்தான் முதலில் பேசினார்.

"ரெண்டு மணி நேரம் அதுலதான சார் குந்தியிருந்தீங்க. எதுக்கும்மா கயிறுன்னு ஒரு வார்த்த என்ன கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கணும்மா."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பன். அக்கா ஊட்டு நாற்காலின்னு பெருமையாவே சொல்லியிருப்பன்."

திருஞானம் கை கூப்பினார். தனபாக்கியத்துக்கு அது பிடிக்கவில்லை.

"அதெல்லாம் வாணாம் சார். வெயில்ல வந்திருக்கீங்க." பிறகு படியேறி உள்ளே வந்து, ரமணியைப் பார்க்காமலே சொன்னார். "அக்கா, சாருக்கும் மேடத்துக்கும் டீ போடறன். செத்த சக்கர குடேன்."

ரமணி தையல் மெஷினைத் தாண்டி உள்ளே ஓடினார். வெறும் சர்க்கரையோடு வரவில்லை, டப்பாவையே தூக்கிக்கொண்டு வந்தார்.

டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது மூன்று மணி. நிறுத்தத்தில் பேருந்து இல்லை. திருஞானம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புத்தகத்துக்கு அந்தப் பேரு வேணாம் மேடம்."

"சரி."

"அந்தக் கட்டுரைய மறுபடி எழுதணும். முதல் பத்தி, கடைசிப் பத்தி, நடுவுல வர்ற மூணு இடம், எல்லாம் போயிடும்."

"சரி."

"அடுத்த சனிக்கிழமை எல்லாரையும் உட்கார வெச்சு அந்த அட்டைய ஒழுங்கா படிச்சிடறேன்."

"படிங்க."

பிறகு, ரமணி வீட்டு வாசலிலிருந்தே மனசில் உறுத்தியதைக் கேட்டார்.

"மேடத்துக்குத் தெரியாதுன்னு அங்க சொன்னேன். உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

"அட்டைல என்ன இருந்துச்சுன்னு தெரியாது. நீங்க படிச்சது அதுல இல்லைன்னு மட்டும் தெரியும்."

"எப்ப தெரிஞ்சுது?"

"நீங்க படிக்கறப்பவே."

"எப்படி மேடம்?"

வசுமதி அவரைப் பார்த்தார். கோபமும் இல்லை, கேலியும் இல்லை.

"தனி நடை இருக்கா இல்லையான்னு கேட்டீங்களே சார். இருக்கு. அந்த நாப்பது கடிதத்துல அது ஒண்ணுதான் உங்க நடையில இருந்துச்சு."