கசப்பு எட்டாத கவசம்

காசநோய் மருத்துவமனைக்கு அடுத்த மடத்தில் சிவநேசன் சீடராக இருந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்று வந்தவர். குருவான அடிகள் அவரைவிட வயதில் இளையவர்.

தினமும் காலையில் இருவரும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வார்டுக்குக் கஞ்சி கொண்டுபோவார்கள். அங்கே நோயாளியாகக் கிடந்த லாரி ஓட்டுநர் பொன்னுரங்கத்துக்கு எழுந்து உட்காரத் தெம்பில்லை. சிவநேசன்தான் ஊட்டுவார். நாலு வாய்க்குள் "போதும் சாமி" என்று பொன்னுரங்கம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஒருநாள் நர்ஸ் எஸ்தர் இருவருக்கும் புதிய என்-95 முகக்கவசம் மாட்டிவிட்டார். தலைமேல் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்து, கவசத்தில் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க உள்ளே கசப்பு மருந்தைத் தெளித்தார்.

"கசக்குதா?"

இருவருக்குமே கசந்தது.

"தாடி இடுக்குல காத்து போகுது. இதே வழியா கிருமியும் போகும். தாடியை எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் உள்ள விடமாட்டேன்."

திரும்பும்போது சிவநேசன் பொருமினார். "தீட்சை வாங்கிய நாளிலிருந்து வளர்த்தது, சாமி. உயிருக்குப் பயந்து எடுப்பதா?"

அடிகள் நேரே முடிதிருத்தும் கடைக்குள் போய் உட்கார்ந்தார். மார்பு வரை தொங்கிய தாடி தரையில் விழுந்தது. எழுந்து துண்டை உதறிவிட்டு, நாற்காலியைச் சீடருக்கு விட்டார்.

சிவநேசன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

மருத்துவமனையில் மறுபடி தெளித்த மருந்து இந்த முறை கசக்கவில்லை. எஸ்தர் கதவைத் திறந்துவிட்டார்.

பொன்னுரங்கம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூக்கு மூடி நல்லா இறுக்கமா இருக்கா, சாமி?"

"இருக்கப்பா. நர்ஸம்மா சோதிச்சுத்தான் விட்டாங்க."

"அப்ப இன்னும் ரெண்டு வாய் குடுங்க."

கிண்ணம் காலியானது. அவர் முகத்தைத் திருப்பவே இல்லை.

"என் தம்பிக்கு என்கிட்டயிருந்துதான் ஒட்டுச்சு. உங்களுக்கும் ஒட்டிருமோன்னுதான் சீக்கிரமா போதும்னுருவேன். பசி இல்லாம இல்ல, சாமி." கைகூப்பினார். "நீங்க நல்லா இருக்கணும்."

சிவநேசன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் கேட்டார்: "நம்மைக் காப்பாற்ற இத்தனை நாளும் அரைவயிறாகக் கிடந்திருக்கிறார். இந்த நன்றிக்கடனை எப்படித் தீர்ப்பது, சாமி?"

அடிகள் நடந்துகொண்டே சொன்னார்:

"நாளைக்கு உலையில் இன்னும் ஒரு பிடி அரிசி போடுங்கள்."