பிரியாணி அண்டா போகாத தளம்

தளபதி ரணதீரரிடம் மூன்று விமானத் தளங்கள், காவலுக்கோ இரண்டே விமான அணிகள். எந்த இரண்டைக் காப்பது என்று அவர் மூளையைக் கசக்கித் திட்டம் போடுவார். எதிரி தவறாமல் மூன்றாவதில் குண்டு போட்டுவிட்டுப் போவான்.

பழி சமையல்காரர் அருளப்பன்மேல் விழுந்தது.

“நீதானே உளவு சொன்னே? இல்லேன்னா நிரூபி.”

“உளவு எதுக்குங்க ஐயா? காவல் போடுற தளத்துக்கு முதல் நாளே பிரியாணி அண்டா அனுப்பச் சொல்றீங்க. அண்டா போகாத இடத்துல அவன் குண்டு போடுறான். இனி மூணுக்கும் அண்டா அனுப்புறேன். தளத்தைத் தாயக்கட்டை உருட்டி முடிவு பண்ணுங்க.”

“போரைத் தாயக்கட்டையா நடத்தும்?”

“இதுவரைக்கும் உங்க மூளைதானே நடத்துச்சு? அது எங்க போகும்னு எதிரிக்கு மனப்பாடம். கட்டையில என்ன விழும்னு கட்டைக்கே தெரியாதுங்க.”