பங்கிட்ட களிம்பு

அந்த மடத்தில் ஒரே ஒரு விதிதான். யாருக்கு எது வந்தாலும் எல்லோருக்கும் பங்கு. ஒற்றை வாழைப்பழம் வந்தாலும் வில்லை வில்லையாக நறுக்குவார்கள்.

மடத்தை நடத்தியவர் நீலாம்பிகை அம்மை. அங்கே பாத்திரம் துலக்கியவர் அவருடைய சீடர் மாசிலாமணி. அம்மையைவிட வயதில் மூத்தவர். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அவர் கைகளில் கரப்பான் வந்தது. தோல் டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். கை தேறியது. மீதிக் களிம்பை மாசிலாமணி வந்தவர்களுக்குப் பங்கிட்டார்.

ஒரு நாள் காலைப் பந்தியில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தெரு ரஞ்சிதம் கைக்குழந்தையோடு உள்ளே வந்தாள். குழந்தையின் கன்னங்கள் இரண்டும் தோலுரிந்து சிவந்திருந்தன. அவள் சேலை பட்டாலே அது வீறிட்டது.

அவள் நேராக மாசிலாமணியின் முன்னால் போய் நின்றாள்.

"பாருங்க பெரியவரே. நல்லா பாருங்க. சுண்டல் கொடுக்கிற மாதிரி சின்ன டப்பாவுல பிதுக்கிக் கொடுத்தீங்களே. வேர்க்குருவுக்குத் தடவும்மான்னு சொன்னீங்களே."

"குழந்தைக்கு என்ன ஆச்சு?" என்று அம்மை கேட்டார்.

"டாக்டர் வீட்டுலேருந்துதான் வரேன். பச்சைக் குழந்தை முகத்துல தடவுற மருந்தே இல்லையாம் இது. விடாமத் தடவினதுல தோல் மெலிஞ்சு போச்சாம். தேறும், ஆனா மெதுவாத்தான்னார். பெத்தவளுக்குப் புத்தி எங்க போச்சுன்னு என்னைத் திட்டினார். இவரை யாரு திட்டுறது?"

அம்மை பாதிச் சோற்றில் எழுந்தார்.

"நான் திட்டுறேன்."

மாசிலாமணிக்கும் கோபம் வந்தது.

"அம்மா, எனக்கு அது நல்லா கேட்டுச்சு. நல்லதைத் தனியா வெச்சுக்கக் கூடாதுன்னு சொன்னது நீங்க. உங்க விதிப்படிதான் கொடுத்தேன். இதுல என் தப்பு என்ன?"

"உங்க கையைப் பார்த்ததும் டாக்டர் மருந்தை எழுதிட்டாரா?"

"இல்லம்மா. நிறையக் கேட்டார்."

"என்ன கேட்டார்?"

"வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க, எதாவது மருந்து ஒத்துக்காமப் போயிருக்கா, சர்க்கரை இருக்கா, தோல்ல வெடிப்பு, சீழ் இருக்கான்னு கேட்டார். முகத்துல தடவாதீங்க, சொன்ன நாளுக்கு மேல வேண்டாம்னார். ஒரு களிம்புக்கு இத்தனை கேள்வியான்னு எனக்கே எரிச்சலா இருந்துச்சு."

"அதுல எதை ரஞ்சிதத்துக்கிட்ட கேட்டீங்க?"

மாசிலாமணி குழந்தையின் கன்னங்களைப் பார்த்தார். பந்தியில் ஒருவர் கையும் இலைக்குப் போகவில்லை.

"சொல்லுங்க ஐயா."

"எதையும் கேக்கலம்மா."

"மருந்தைப் பங்கு போட்டீங்க," என்றார் அம்மை. "அந்தக் கேள்வியை எல்லாம் நீங்களே வெச்சுக்கிட்டீங்க."