கடைசிப் பிள்ளை வந்த பிறகு

"மணி அடித்தபின் வரும் பிள்ளைக்கு ஆறு பிரம்படி. அப்படியும் யாராவது தாமதமாக வந்தால் உன் வேலை போய்விடும்" என்று பள்ளித் தாளாளர் வரதராசன் ஆயா செவந்தியை மிரட்டினார். மலையூர்ப் பிள்ளைகள் வரும் பஸ்ஸோ தினமும் பத்து நிமிடம் தாமதம்.

ஆனால் மறுநாளிலிருந்து ஒரு பிள்ளைகூடத் தாமதமில்லை. ஒரு மாதம் கழித்து வந்த கல்வி அதிகாரியிடம், "எல்லாம் பிரம்பு செய்த வேலை" என்று தாளாளர் அதை நீட்டினார். வாங்கிப் பார்த்த அதிகாரியின் கையில் தூசிதான் ஒட்டியது. அவர் செவந்தியைப் பார்த்தார்.

"மணி அடிக்கிறது நான்தானுங்க. பஸ் வந்து கடைசிப் பிள்ளை உள்ள நுழைஞ்சதும் அடிப்பேன்."

"எனக்கு எப்படித் தெரியாமல் போனது?" என்று தாளாளர் பாய்ந்தார்.

"நீங்க வர்றது பதினோரு மணிக்குங்களே, ஐயா."

அதிகாரி சிரித்தபடி பள்ளி நேரத்தைப் பத்து நிமிடம் தள்ளி எழுதினார். பிரம்பைச் செவந்தி ஒட்டடை அடிக்க எடுத்துக்கொண்டாள்.