கண்ணைக் கட்டிக்கொண்டு கை தட்டிய சபை

செங்கரும்பூரை ஆண்ட குணசிங்க ராஜாவிடம் படை இருந்தது, யானை இருந்தது. தாளம் மட்டும் இல்லை. இல்லை என்பது அவருக்குத் தெரியாது. ஒருவரும் சொன்னதில்லை.

ஒரு நாள் காலை அரண்மனைப் பாட்டு வகுப்பில் ஒரே கூச்சல். ராஜா எட்டிப் பார்த்தார். ஆசிரியை குமுதவல்லி பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி விளையாட வைத்துக்கொண்டிருந்தாள்.

“இது பாட்டு வகுப்பா, சந்தைக்கடையா?”

“தாள வகுப்பு மகாராஜா. ஏழு எண்ண வேண்டும். ஆறு வரைக்கும் தட்டு. ஏழாவதில் கையைச் சும்மா வீச வேண்டும், சத்தம் வரக் கூடாது. தட்டிவிட்டால் அவர்தான் தவளை. வட்டத்தைச் சுற்றித் தத்த வேண்டும்.”

“பூ, இவ்வளவுதானா?” என்று ராஜாவும் வட்டத்துக்குள் புகுந்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு, ஏழு. பட்!

“தவளை! தவளை!” பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். ஒரு வாண்டு ராஜாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தது. “இப்படிக் குந்திக்கணும் மாமா, நான் காட்டறேன் பாருங்க.”

ராஜாவின் மீசை துடித்தது. “சபையைக் கூட்டு!”

சபையில் முப்பது பேர் இருந்ததாக வைத்துக்கொள்வோம். சரியான கணக்கு எனக்குத் தெரியாது. ராஜா அத்தனை பேரையும் அதே விளையாட்டை ஆடச் சொன்னார். அவர் ஒரு சுற்றில் ஏழாவதைத் தட்டுவார், அடுத்த சுற்றில் விட்டுவிடுவார். எப்போது தட்டுவார் என்பது அவருக்கே தெரியாது. முப்பது பேரும் அவர் கையையே முறைத்துப் பார்த்தார்கள். அது சேர்ந்தால் இவர்களும் தட்டினார்கள். அது விரிந்தால் இவர்களும் விரித்தார்கள்.

“பார்த்தாயா?” என்று ராஜா ஓரமாக நின்ற குமுதவல்லியிடம் திரும்பினார். “சபை முழுக்க என் தாளம்தான். நீ பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டுப் போய்விடு!”

“அப்படிச் சொல்லுங்கள்!” என்றார் பெரிய மந்திரி பூவராகர்.

குமுதவல்லி கும்பிட்டுவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள். அப்போது எழுந்தான் தில்லைமுத்து. சபையில் குறும்புக்கென்றே சம்பளம் வாங்குகிறவன்.

“தீர்ப்பு அருமை மகாராஜா. ஒரே ஒரு பயம். ‘ராஜா மந்திரிகளைப் பார்த்துத்தான் தட்டினார்’ என்று ஊரில் எவனாவது கிளப்பிவிட்டால்?”

“நான் இவர்களைப் பார்த்தா? எவனடா அப்படிச் சொல்கிறவன்?”

“இன்னும் யாரும் சொல்லவில்லை. சொல்வதற்குள் எல்லாரும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு ஆட்டம் ஆடிவிடுவோம். நான் எண்ணுகிறேன்.”

“கண்ணைக் கட்டுவதா?” பூவராகர் பதறினார். “எனக்குக் கண்ணில் நீர் வடிகிறது. காற்றுப் பட வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார்.”

“கட்டு!” என்றார் ராஜா.

துணிப்பட்டைகள் வந்தன. எல்லாரும் கட்டிக்கொண்டார்கள். ராஜாவும் கட்டிக்கொண்டார். தில்லைமுத்துவும்தான்.

முதல் சுற்று. “ஆறு, ஏழு.” அமைதி. ஈ பறந்தால் கேட்கும்.

இரண்டாம் சுற்று. “ஐந்து, ஆறு, ஏழு.”

பட்!

ஒரே ஒரு கை. சபை முழுக்க எதிரொலித்தது.

“யார் அது?” ராஜா உறுமினார். “எவன் அந்தத் தவளை? டேய் தில்லைமுத்து, சொல்!”

“எப்படிச் சொல்வேன் மகாராஜா? எல்லார் கண்ணும் கட்டியிருக்கிறது. தட்டினவருக்கு மட்டும்தான் தெரியும்.”

ராஜா இன்னொரு முறை உறுமுவதற்கு வாயைத் திறந்தார். அப்படியே நின்றார். அவருடைய உள்ளங்கைகள் இரண்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன.

முதலில் தொப்பை குலுங்கியது. பிறகு தோள். பிறகு சிரிப்பு வெடித்தது. கண்கட்டை அவிழ்த்து எறிந்தார். மற்றவர்களும் அவிழ்த்துப் போட்டார்கள்.

“பூவராகரே! இப்போது நீர் ஏழில் தட்டவில்லை அல்லவா?”

“இல்லை மகாராஜா.”

“முன்பு மட்டும் ஏன் தட்டினீர்?”

“முன்பு... தங்கள் கை தெரிந்தது மகாராஜா.”

ராஜாவுக்கு மறுபடி சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டார். “குமுதவல்லி, நீ எங்கேயும் போக வேண்டாம். நாளைக்கு எத்தனை மணிக்கு வகுப்பு? எனக்கும் ஓர் இடம் வை. அந்த வாண்டுக்குப் பக்கத்தில்.”

“வைக்கிறேன் மகாராஜா,” என்றாள். அவளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“தில்லைமுத்து, உனக்கு என்ன பரிசு வேண்டும்? கேள்.”

தில்லைமுத்து தரையில் கிடந்த துணிப்பட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

“இவை போதும் மகாராஜா. பெரிய ஏரியின் கரை தாங்குமா, தாங்காதா என்று நாளைக்கு மந்திரிகளிடம் கேட்கப் போகிறீர்களே. அப்போது திரும்பவும் தேவைப்படும்.”