துர்காவின் வழக்கு

மலையடி மடத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மன நிம்மதிக்குத்தான் மடத்தை நடத்தும் அம்மையிடம் வழி கேட்பார்கள். இன்ஸ்பெக்டர் கோமதிநாயகம் ஒரு வழக்கைப் பற்றிக் கேட்டார்.

வயதில் அவர் அம்மையைவிட மூத்தவர். ஆனாலும் அவர்தான் சீடர். மனைவி இறந்த வருஷம் யாரோ அவரைக் கூட்டிக்கொண்டுவந்து மடத்தில் விட்டார்கள். அன்று அம்மை ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. பந்தியில் உட்காரவைத்துச் சோறு போட்டார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்தார்.

அன்றைக்குப் பந்தி முடிந்துவிட்டது. பின்கட்டில் அம்மை அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அடுப்பங்கரையில் நின்றதில் கணுக்கால் வீங்கியிருந்தது. கோமதிநாயகம் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்தார்.

“அம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“துர்கா கேஸு இனிமே கிடப்புலதான் போகுமா?”

“எந்த துர்கா?”

சொன்னார். நாலு வருஷத்துக்கு முன்னால் தேரோட்டத்தன்று காணாமல் போன பிள்ளை. ஆறு வயது. தேர் நிலைக்கு வரும்போது தாய் செண்பகவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், கூட்டம் கலைந்தபோது இல்லை. முதல் மாதம் தனிப்படை போட்டார்கள். மோப்ப நாய் வந்தது, டிவிக்காரர்கள் வந்தார்கள். பஸ் ஸ்டாண்டு கேமரா முழுக்கப் பார்த்தார்கள். அப்புறம் தேர்தல் வந்தது. தனிப்படையில் பாதிப் பேரை அந்த வேலைக்கு அனுப்பினார்கள். போனவர்கள் திரும்பி வரவில்லை. கடைசியில் கோமதிநாயகம் ஒருவர்தான் மிஞ்சினார்.

“மேல இருந்து கேட்டிருக்காங்க. இனிமே துப்புக் கிடைக்க வழி உண்டா, இல்லையான்னு எழுதிக் குடுக்கணும். இல்லைன்னு எழுதினா முடிச்சு வச்சிருவாங்க.”

“யாரு எழுதணும்?”

“நான்தான்.”

“பிறகு என்கிட்ட எதுக்குக் கேக்கீங்க?”



“அலுத்துப் போச்சும்மா.”

அம்மை அண்டாவைக் கவிழ்த்து வைத்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

“அந்தப் பிள்ளை வீடு எங்க இருக்கு?”

“தீப்பெட்டி ஆபீசுக்குப் பின்னால.”

“வாங்க, போயிட்டு வருவோம்.”

கோமதிநாயகத்துக்கு எழுந்திருக்கவே மனசில்லை. அந்த வீட்டுக்கு அவர் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. முன்பெல்லாம் மாதம் ஒரு தடவையாவது போவார். வாசலில் தலை தெரிந்ததும் செண்பகவல்லி ஓடிவருவாள். “தகவல் உண்டா ஐயா?” என்பாள். “விசாரிச்சுக்கிட்டு இருக்கோம்மா” என்பார். சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை அவர் வாயிலேயே செத்துவிட்டது. அப்புறம் அந்தத் தெருப்பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

மினி பஸ்ஸில் போனார்கள். அம்மை ஏறியதும் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார்.

செண்பகவல்லி வீட்டில்தான் இருந்தாள். இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் எழுந்தாள். ஆனால் ஓடிவரவில்லை. தகவல் உண்டா என்று கேட்கவும் இல்லை.

“வாங்க ஐயா. மெலிஞ்சு போயிட்டீங்களே. உடம்புக்குச் சரியில்லையா?”

அவள் வழக்கம்போலக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவருக்கு இருந்தது.

“மடத்து அம்மா. உன்னப் பாக்கணும்னாங்க” என்றார்.

அவள் பாய் விரித்தாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். சுவரில் போலீஸ் அடித்த நோட்டீஸ் ஒட்டியிருந்தது. காணவில்லை என்ற எழுத்து வெளிறிப்போயிருந்தது. அதன் கீழே துர்கா, முன்பல் இரண்டும் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்துக் கொடியில் புதுப் பாவாடை சட்டை ஒன்று தொங்கியது. அரக்குக் கலர். கடைச் சீட்டுக்கூடப் பிய்க்கவில்லை.

அம்மை அதைப் பார்த்தார். “இது யாருக்கும்மா?”

“துர்காவுக்கு.”

கோமதிநாயகம் திரும்பிப் பார்த்தார். ஆறு வயதுப் பிள்ளை அதைப் போட்டால் தரையில் புரளும்.

“பெரிசா இருக்கே” என்றார்.

“இல்ல ஐயா, சரியா இருக்கும். அடுத்த வீட்டு ரேவதியும் இவளும் ஒரே மாசத்துல பொறந்தவங்க. பொங்கலுக்குப் பொங்கல் ரேவதியை நிக்க வச்சு அளவு பாத்துத்தான் எடுப்பேன். துர்கா அவளைவிட ஒரு விரக்கடை உயரம். அதனால ஒரு மடிப்புக் கூட விட்டுத் தைக்கச் சொல்லுவேன்.”

“போன வருஷம் எடுத்ததெல்லாம் எங்கம்மா?” என்றார் அம்மை.

“தெருவுல சின்னப் பிள்ளைக இருக்கே, குடுத்துருவேன். இனிமே அவளுக்கு எங்க பத்தப் போகுது?”

கோமதிநாயகம் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். பழக்கத்தில் எடுத்ததுதான். போகிற ஊரிலெல்லாம், காப்பகம், ரயில்வே ஸ்டேஷன், கோயில் வாசல் என்று எங்கும் அவர் காட்டுகிற படம் அதில் இருந்தது. செண்பகவல்லி எட்டிப் பார்த்தாள்.

“இந்தப் பிள்ளையவா ஐயா இன்னும் காட்டுறீங்க?”

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

அவர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

திரும்பும்போது பஸ் வர நேரமாயிற்று. வேப்பமரத்தடியில் இரண்டு பேரும் நின்றார்கள்.

“பல்லு முளைச்சிருக்கும்” என்றார் கோமதிநாயகம். “முடி நீண்டிருக்கும். பெரிய பொண்ணா எதிர்ல வந்திருந்தாகூட வழி விட்டு ஒதுங்கிப் போயிருப்பேன். நாலு வருஷமா நான் ஆறு வயசுப் பிள்ளையத்தான் தேடிக்கிட்டு இருந்திருக்கேன்.”

“பஸ் வருது” என்றார் அம்மை.

மறுநாள் அவர் மேலிடத்துக்கு எழுதினார். வழி உண்டு என்று எழுதினார். என்ன வழி என்று கேட்டார்கள். படம் வரைகிற ஒருவரை செண்பகவல்லி வீட்டுக்குக் கூட்டிப் போனார். தாயையும் ரேவதியையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஆறு வயது முகத்தைப் பத்து வயது முகமாக்கினார்கள். மூக்கு அவள் அப்பாவின் மூக்கு மாதிரி நீளும் என்று செண்பகவல்லி சொன்னாள். அதையும் திருத்தி வரைந்தார்கள். அந்தப் படம் எல்லா மாவட்டத்துக்கும் போனது.

ஸ்டேஷனில் இளைய எஸ்.ஐ. சிரித்தார். “ரிட்டையர் ஆகப்போற நேரத்துல ஏன் சார் இழுத்துப் போட்டுக்கிறீங்க?” கோமதிநாயகம் அன்றைக்கு வந்த தபால்களைப் பிரித்தார். அவருக்கு அலுப்பு போகவில்லை. காலையில் எழுந்ததும் அது அவருக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருந்தது. அதையும் கூட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போனார்.

ஆடி மாதம் வடக்கே ஓர் ஊரிலிருந்து போன் வந்தது. பெண்பிள்ளைகள் காப்பகம். படத்தில் இருப்பதைப் போலவே ஒரு பிள்ளை. வயது பத்து இருக்கும். துர்காவுக்கு இருந்த மாதிரியே இடது முழங்கையில் சூடுபட்ட தழும்பு.

செண்பகவல்லியைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினார். அவள் அந்தப் பாவாடை சட்டையைத் துணிப்பையில் வைத்து மடியில் வைத்திருந்தாள். இரவெல்லாம் தூங்கவில்லை. அவரும் தூங்கவில்லை.

காப்பகத்தில் அந்தப் பிள்ளையைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். செண்பகவல்லி தழும்பைப் பார்க்கவில்லை. முகத்தை ஒரு தடவை பார்த்தாள். இல்லை என்று தலையசைத்தாள்.

அந்தப் பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது.

செண்பகவல்லி பையைத் திறந்தாள். பாவாடையை எடுத்து அந்தப் பிள்ளையின் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். கணுக்கால் வரைக்கும் சரியாக இருந்தது.

“பாத்தீங்களா ஐயா, என் அளவு தப்பல” என்றாள்.

பிறகுதான் அழுதாள். பாவாடை சட்டையை அந்தப் பிள்ளையிடமே கொடுத்துவிட்டாள்.

கேட் வரை அந்தப் பிள்ளை கூடவே வந்தது. கோமதிநாயகத்தின் சட்டையை மெல்ல இழுத்தது.

“சார், எங்க ஊரு எதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

அடுத்த ஞாயிறு அவர் மடத்துக்கு வந்தார். பந்தியில் உட்காரவில்லை. அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்த இடத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். நடந்ததையெல்லாம் சொன்னார்.

“அந்தம்மா எப்படி இருக்கா?”

“ரயில்ல வரும்போது, அடுத்த தடவை கூப்பிட்டாலும் வாரேன்னு சொன்னா. என்னால அவ முகத்தைப் பாக்க முடியல.” முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “மேல இருந்து மறுபடியும் கேக்காங்கம்மா. நானும் அதையேதான் மறுபடியும் உங்ககிட்ட கேக்கேன். இது கிடப்புலதான் போகுமா? அன்னைக்கு நீங்க சொல்லவே இல்ல. ஆமாம்னாலும் சரி, இல்லைன்னாலும் சரி, ஒரு வார்த்தை சொல்லிருங்க. எனக்குத் தூக்கம் வரும்.”

அம்மை ஒரு முருங்கைக் கொத்தை எடுத்து உருவினார்.

“காப்பகத்துல இருக்கே, அந்தப் பிள்ளை யாரு?”

“தெரியலைம்மா. ஆறு வயசுல ரயில்ல தூங்கிக்கிட்டு இருந்திருக்கு. ஊரு பேரு சொல்லத் தெரியல. பேப்பர்ல போட்டுப் பாத்தாங்களாம். யாரும் வரல.”

“பெத்தவங்க தேடியிருக்க மாட்டாங்களா?”

“தேடியிருப்பாங்க. ஏதோ ஒரு ஊரு ஸ்டேஷன்ல புகார் குடுத்திருப்பாங்க. அங்கயும் என்னை மாதிரி ஒருத்தன் கொஞ்ச நாள் அலைஞ்சிருப்பான்.”

“பிறகு?”

“பிறகு என்னாச்சோ.”

அம்மை கீரையை முறத்தில் போட்டார். உதிர்ந்த காம்புகளை ஒதுக்கினார். அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“அவரும் அலுத்துப்போய் யார்கிட்டயாவது இதே கேள்வியைக் கேட்டிருப்பார், நாயகம். அவருக்குப் பதில் கிடைச்சிருக்கும். நிம்மதியாத் தூங்கியிருப்பார்.”